ஞாயிறுதோறும் ஒரு பாக்கெட்

2025 மே 15, வியாழன்

கத்திரி வெயில். மத்தியானம் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இந்தச் சென்னையில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வைட்டமின் டி வெறும் 11.

ரிப்போர்ட்டில் நான் முதலில் தேடியது இதை இல்லை. மைலோமா என்கிற ரத்தப் புற்றுநோய் இருக்கிற வீட்டில் யாரும் முதலில் பார்ப்பது கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினினும் கால்சியமும்தான். இரண்டும் பரவாயில்லை. கடைசிப் பக்கத்தில் இது கிடந்தது. 20-க்குக் கீழே போனால் குறைபாடு என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். டாக்டர் அசரவில்லை. “ரத்தப் புற்றுநோய்ல நிறைய பேருக்கு இப்படித்தான்மா இருக்கும்” என்றார்.

யோசித்தால் அம்மா மேல் வெயில் எப்போது பட்டது? முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டர். போன வருஷம் முதுகுவலி வந்ததிலிருந்து கட்டில். அந்த வலியை ‘தேய்மானம், வயசாச்சுல்ல’ என்று சொல்லி ஒரு எலும்பு டாக்டர் ஆறு மாதம் வலி மாத்திரையாகவே எழுதிக் கொடுத்தார். மைலோமாவில் அந்த மாத்திரைகள் கிட்னிக்கு ஆகாது என்று ஏப்ரலில்தான் எங்களுக்குத் தெரிந்தது. இன்னும் வயிறு எரிகிறது.

மே 18, ஞாயிறு

முதல் வைட்டமின் டி பவுடர் பாக்கெட். 60,000 யூனிட். வாரம் ஒன்று, எட்டு வாரம். கொழுப்பில் கரைகிற சத்து என்பதால் சாப்பாட்டுக்கு அப்புறம் பாலில் கலக்கிக் கொடுத்தேன். “ஞாயிற்றுக்கிழமை ஞாயிறைக் குடிக்கிறேன்” என்றாள். தபால் ஆபீஸில் இருந்தபோதும் இப்படித்தான் கடி ஜோக்காம்.

மே 22, வியாழன்

வயிற்றில் மைலோமாவுக்கான போர்டெசோமிப் ஊசி, கூடவே டெக்ஸா என்கிற ஸ்டீராய்டு மாத்திரை. டெக்ஸா நாளில் அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு பீரோவை அடுக்குகிறாள்.

இவ்வளவு பெரிய வியாதியில் ஒரு வைட்டமினுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று இன்று டாக்டரிடம் கேட்டேவிட்டேன். மைலோமா செல்கள் எலும்பை அரிக்கும் செல்களை முடுக்கிவிடுகின்றன. அதைத் தடுக்க அடுத்த மாதம் சோலெட்ரானிக் அமிலம் ஏற்றப்போகிறார்கள். அரிப்பு நின்றால், எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வந்துகொண்டிருந்த கால்சியமும் நிற்கும். அப்போது குடல்தான் சாப்பாட்டிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரவேண்டும், அதற்கு வைட்டமின் டி வேண்டும். 11-ஐ வைத்துக்கொண்டு ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் சரிந்துவிடலாம். அதனால் முதலில் பாக்கெட், அப்புறம் டிரிப்ஸ். நடுவில் பல் டாக்டரையும் பார்க்கவேண்டும். இந்த மருந்தில் இருக்கும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் உண்டு.

மே 27, செவ்வாய்

திருநெல்வேலி மாமா போன். “தினமும் ஒண்ணு குடுத்துப் பாரேன். கேன்சரே சரியாப் போகுதாம், வாட்ஸப்ல வந்திருக்கு.”

மாமாவிடம் கோபப்பட முடியாது, அவருக்கு அக்கா மேல் உயிர். ராத்திரி உட்கார்ந்து படித்தேன். வாட்ஸப் முழுப் பொய்யும் இல்லை. 2010-இல் அமெரிக்காவில் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 983 பேரைப் பார்த்ததில், வைட்டமின் டி குறைவாக இருந்த சில வகையினர் நோயிடம் சீக்கிரம் தோற்றார்கள். அடுத்த வருஷம் நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கிமியா என்கிற இன்னொரு ரத்தப் புற்றுநோயிலும், குறைபாடு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தொடங்கவேண்டிய கட்டம் சீக்கிரமே வந்தது என்று எழுதினார்கள். ஆனால் வைட்டமின் குறைந்ததால் நோய் முற்றியதா, நோயால் வீட்டுக்குள் முடங்கியதால் அது குறைந்ததா? கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அவ்வளவு ஆசை காட்டவில்லை. மெதுவாக வளரும் லிம்போமாக்காரர்களுக்கு ரிட்டுக்ஸிமாப் என்கிற லிம்போமா மருந்துடன் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் நோய் கூடுதலாக அடங்கவில்லை. ஆரோக்கியமான 25,871 பேரை வைத்து நடந்த இன்னொரு பெரிய ஆய்வில், 2018-இல் முடிவு வந்தது: புற்றுநோய் வருவது குறையவில்லை.

தினம் ஒரு பாக்கெட் போட்டால் கால்சியம் ஏறும். எலும்பு அரிப்பால் ஏற்கெனவே கால்சியம் ஏறக்கூடிய வியாதி இது. ஏறினால் கிட்னிக்குத்தான் அடி. மாமாவிடம் “டாக்டர் திட்டுவார் மாமா” என்று மட்டும் சொன்னேன். அதற்கு அடங்கினார்.

ஜூன் 4, புதன்

அம்மா தினமும் காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து ‘வெயில் காய்கிறாள்’. மூடிய கண்ணாடி ஜன்னல். தோலில் இந்த வைட்டமினை உண்டாக்கும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, ஏழு மணிச் சாய்ந்த வெயிலில் பெரிதாக இருக்கவும் இருக்காது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும்போதுதான் அது நன்றாகக் கிடைக்கும். இன்று பத்தரைக்கு முதுகுக்கு பெல்ட் கட்டி, லிஃப்டில் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். நிழல் இடுப்பளவு. பத்து நிமிஷம். வடாம் போடலாமா என்று கேட்டாள்.

தொற்று வராமலிருக்க அவள் சாப்பிடும் செப்ட்ரான் மாத்திரையால் தோல் வெயிலுக்குச் சீக்கிரம் சிவக்குமாம். சரி, பாக்கெட்டையே நம்புவோம்.

ஜூன் 19, வியாழன்

சோலெட்ரானிக் ஏறியது. கால் மணி நேர வேலை, காத்திருந்தது மூன்று மணி நேரம். உதட்டைச் சுற்றி மரமரவென்று இருந்தாலோ கை இழுத்துக்கொண்டாலோ கால்சியம் சரிவதன் அறிகுறி, உடனே வரச் சொன்னார் நர்ஸ். பாதம் ஏற்கெனவே போர்டெசோமிப்பால் மரத்திருக்கிறது. “உதடு வேற, கால் வேற, எனக்குத் தெரியாதா?” என்கிறாள்.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் 101, உடம்பு வலி. இந்த மருந்துக்கு முதல் தடவை இப்படி வருவது உண்டுதான். ஆனாலும் காய்ச்சல் என்றால் போன் செய்யாமல் இருக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். செய்தேன். உதடு சரியாக இருக்கிறது. மணிக்கொரு தரம் கேட்டு அவளிடம் திட்டு வாங்கினேன்.

ஜூலை 10, வியாழன்

வைட்டமின் டி 34! எட்டு பாக்கெட்டும் போன ஞாயிறோடு முடிந்தன. இனி மாதம் ஒன்று. மைலோமா செல்கள் சுரக்கும் எம் புரதமும் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. அது ஊசியின் வேலை, பாக்கெட்டுடையது இல்லை. மாமாவுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லவில்லை.

ஜூலை 25, ஆடி வெள்ளி

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ். எதிர்ப்புச் சக்தி குறைவு, வெளியில் ஊற்றுவதைக் குடிக்கக்கூடாது. அதனால் வீட்டிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சினேன். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் கேட்டாள். பச்சையாகத் தரமாட்டேன் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வதக்கிக் கொடுத்தேன். “இது கூழா? கஞ்சி” என்றாள். இரண்டு டம்ளர் குடித்தாள்.