ஒரு சம்பளத்தை வச்சு வீட்டுக்கு விலை பேசினது

கும்பகோணத்துல சொந்த வீடு வாங்கணும்னு நாங்க தீவிரமா தேட ஆரம்பிச்சது 2025 ஜூன்ல. வருஷ ஆரம்பத்துல 6.5 சதவீதம் இருந்த ரெப்போ ரேட்டை, அதாவது பேங்குகளுக்கு தான் கொடுக்கிற கடனுக்கான வட்டியை, ரிசர்வ் பேங்க் அப்பதான் 5.5க்கு இறக்கியிருந்தாங்க, பார்க்கறவங்க எல்லாம் வட்டி இறங்கியிருக்கு இப்பவே வாங்கிப் போடுங்கன்னுதான் சொன்னாங்க. நான் அரசுப் பள்ளியில டீச்சர், எங்க வீட்டுக்காரர் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில ஆர்டரை கவனிச்சுக்கிற மெர்ச்சண்டைசர். ஆகஸ்ட் 27லேருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவுல 50 சதவீத வரின்னு ஆனதும் அவங்க கம்பெனியில ஓடிட்டிருந்த ஆர்டரையே பையர் நிறுத்தி வைக்கச் சொல்லிட்டார், ஓவர்டைம் போச்சு, அடுத்த மாசம் யாருக்கு வேலை இருக்கும்னே தெரியாத நிலைமை.

வீட்டுப் பேச்சை விட்டுடலாம்னு அவங்க சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. வேலை போகுமா போகாதான்னு நாம உக்காந்து யோசிச்சு கண்டுபிடிக்க முடியாது, ஆனா போனா என்ன ஆகும்னு கணக்குப் போட முடியும்ல. அதனால அவங்க சம்பளமே இல்லைன்னு வச்சுக்கிட்டு, என் சம்பளத்துல வீட்டுச் செலவு, பையன் ஃபீஸ், மாமா மருந்து எல்லாம் போக என்ன மிஞ்சும்னு பார்த்தோம். 20 லட்சம் லோன், 20 வருஷம், 7.75 வட்டின்னா இஎம்ஐ 16,400 சொச்சம். அதே வட்டி 9.75 ஆனா 19 ஆயிரத்தை தொடும். 2022 மே மாசத்துலேருந்து அடுத்த பிப்ரவரிக்குள்ள ரெப்போ 4லேருந்து 6.5 வரைக்கும் ஏறினதை பார்த்தவங்கதானே நாம, அதனால அந்த 19 ஆயிரத்தை வச்சுதான் முடிவு பண்ணணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். பேங்க்ல ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து இதைவிட நிறையவே தர்றேன்னாங்க, வேணாம்னுட்டோம்.

முதல்ல ஒரு வீடு ரொம்ப சல்லிசா வந்துச்சு. கோயிலுக்குப் பக்கத்துத் தெரு, தேக்குத் தூண், முற்றம், பின்னாடி கிணறு, பார்த்த உடனே பிடிச்சுப் போச்சு. விசாரிச்சா அடிமனை கோயிலோடது, கட்டடம் மட்டும்தான் அவங்களுது. நம்ம ஊர்ப்பக்கம் கோயில், மடத்து மனையில நிக்கிற வீடு எத்தனையோ இருக்கு, தலைமுறை தலைமுறையா பகுதி, அதாவது மனை வாடகை, கட்டிக்கிட்டு குடியிருக்காங்க, அவங்களை குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா கோயில் மனைன்னா சார்பதிவாளர் ஆபீஸ்ல கிரயம் பதிய மாட்டாங்க, பேங்க் லோனும் கிடைக்காது, நாளைக்கு கஷ்டம்னா விக்கவும் முடியாது. வேலையே நிச்சயமில்லாத நேரத்துல விக்க முடியாத சொத்துல காசைப் போடக்கூடாதுன்னு வந்துட்டோம்.

ரெண்டாவது வீடு பட்டா மனை. உடமஸ்தர் பாபநாசம் பக்கம் விவசாயி, அப்பா காலத்து வீடு, 38 லட்சம் சொன்னார். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், மூலப்பத்திரம் இருந்துச்சு, பட்டா மட்டும் இறந்துபோன அப்பா பேர்லயே கிடந்துச்சு. அவர் கூடப்பிறந்த ரெண்டு பொண்ணுங்களும் கையெழுத்துப் போடணும், பட்டா பேர் மாறணும், அதுக்கப்புறம்தான் கிரயம்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டார். பொம்பளைங்க பேர்ல வாங்குனா பதிவுக் கட்டணத்துல ஒரு பர்சென்ட் குறையும்னு புரோக்கர் சொன்னார், அது 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான், எங்களுக்கு முத்திரைத்தாள், பதிவு எல்லாம் சேர்த்து முழுசா 9 பர்சென்ட்தான், அதுவே மூணு லட்சத்துக்கு மேல போகும், லோன்லயும் அதைச் சேர்க்க மாட்டாங்க.

ஐப்பசி மழையில ஒரு தடவை பார்க்காம விலை பேசவே கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. நல்ல மழை நாள்ல போனோம். ரோட்டை மேல மேல போட்டு வீடு தாழ்ந்து கிடக்கு, வாசப்படியில ஒண்ணு தண்ணிக்குள்ள, கொல்லைப்பக்கத்து ரூம்ல சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து தொட்டா பொடியா உதிருது. பக்கத்து வீட்டம்மா கதவு ஓரம் ஒரு கோட்டை காட்டி இதுவரைக்கும் வரும்மா, ரெண்டு நாள்ல வடிஞ்சிடும்னாங்க. கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய் காட்டினதுல தரையை உசத்தி அந்த ரூமை சரி பண்ண மூணரை லட்சம் ஆகும்னார்.

அந்த நேரம்தான் உடமஸ்தர் பெரியவரோட குறுவை நெல்லு கொள்முதல் நிலையத்துல நனைஞ்சு ஈரப்பதம் ஜாஸ்தின்னு எடை போடாம கிடந்துச்சு. அவருக்கு பணம் முடை, 30க்கு அழுத்துங்க இறங்கிடுவார்னு புரோக்கர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நனைஞ்ச நெல்லை சாக்குல அள்ளிக்கிட்டு நிக்கிற மனுஷன்கிட்ட அதைக் காட்டி விலை குறைக்கிறது நியாயமில்லைங்க. வீட்டுல இருக்கிற குறைக்கு என்ன செலவோ அதை கழிச்சு, ரவுண்டா 34ன்னு கேட்டோம், ஆனா மூணு லட்சம் அட்வான்ஸ் உடனே தர்றோம், கிரயத்துக்கு தை கடைசி வரைக்கும் டயம் வேணும், லோன் சாங்ஷன் ஆகலைன்னாலோ பட்டா மாறலைன்னாலோ அட்வான்ஸை திருப்பித் தரணும்னு சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, 34 அரையா போடும்மா, சம்பா நடவுக்கு வாங்கினதை அடைக்கணும்னார். சரின்னுட்டோம். எல்லாத்தையும் அக்ரிமெண்ட்ல எழுதி, தங்கச்சிங்க ரெண்டு பேரையும் கையெழுத்துப் போட வச்சு, ரிஜிஸ்டரும் பண்ணியாச்சு.

சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டிருச்சு, நகையை வித்து லோனை இன்னும் குறைங்கன்னு சொந்தத்துல சொன்னாங்க. அதை மட்டும் தொடலை. எங்க வீட்டுக்காரர் வேலை நின்னுச்சுன்னா இஎம்ஐ கட்ட கையில இருக்கப்போறது அதுதான். லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, பட்டா மனு தாலுகா ஆபீஸ்ல இருக்கு, அவங்க இன்னும் திருப்பூருக்கு போய்ட்டு வந்துட்டுதான் இருக்காங்க.