பில்ஜ் காய்ந்து கிடக்க வேண்டும்: பூவார் காயலில் இரண்டு மாதம்

நெய்யாறு கடலில் சேருவதற்குச் சற்று முன்னால், பூவார் காயலில் என் பாய்ப் படகு கட்டிக் கிடக்கிறது. 24 அடி நீளம், பைபர் உடம்பு, ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். கொல்லங்கோட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் போய்க் காலடிப் பலகையைத் தூக்கிப் பார்ப்பேன். அடியில் இருக்கும் பள்ளத்தில், அதாவது பில்ஜில், எப்போதும் தண்ணீர் நிற்கும். எண்ணெய் படிந்து நாற்றமடிக்கும் தண்ணீர். மழை நாளில் கொசுப்புழுவும் பார்த்தேன். அன்றே முடிவு செய்தேன், இதை ஒரு வழி பண்ணாமல் பாய் விரிப்பதில்லை என்று.

முதலில் எல்லோரையும் போல பம்பு வாங்கினேன். நீர் ஏறினால் மிதவை தூக்கி சுவிட்ச் போடும், தானாக இறைக்கும். பொழியூரில் வள்ளம் சீர் செய்யும் மாமாவிடம் காட்டியபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். “மக்கா, பம்பு தண்ணிய வெளிய தள்ளும். ஓட்டைய அடைக்காதுல்லா.”

அவர் சொன்னது சரி. அதோடு பம்பால் பில்ஜைக் காய வைக்கவும் முடியாது. என் குழாயின் உள் விட்டம் 25 மில்லிமீட்டர், பம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் மேலே ஏறுகிறது. கணக்குப் போட்டால் அதற்குள் முக்கால் லிட்டர் கொள்ளும். பம்பு நின்றதும் அவ்வளவும் திரும்பி இறங்கிவிடும். நடுவில் ஒருவழி வால்வு வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு நூலோ முடியோ சிக்கினால் அவசர நேரத்தில் அந்த வால்வே பம்பை முடக்கிவிடும். அதனால் வைக்கவில்லை. கடைசித் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். அந்தப் பம்பு ஆபத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடலில் ஓட்டுகிறவர்கள் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்பென்றால் அடியிலிருந்து, உப்பில்லையென்றால் மழை. நான் தொடங்கியது ஜூன் மாதம். ஆறு பெருகிக் காயல் நீரே கிட்டத்தட்ட நன்னீராக இருந்தது, நாக்கு உதவவில்லை. ஆகவே முழுக்கத் துடைத்துக் காய வைத்து, சந்தேகப்பட்ட ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் முகப் பவுடரைக் கோலம்போல் தூவினேன். ஒவ்வொன்றின் கீழும் செய்தித்தாளை மடித்து வைத்தேன். நீர் வந்த வழியில் பவுடர் நனைந்து கோடு விழும். அடுத்த ஞாயிறு மூன்று கோடுகள் தெரிந்தன.

ஒன்று, விசிறியைச் சுற்றும் எஞ்சின் ஷாப்ட் வெளியே போகும் இடத்திலுள்ள கிளாண்ட், அதாவது ஷாப்டைச் சுற்றிக் கயிறு திணித்து நட்டால் இறுக்கி நீரைத் தடுக்கும் மூட்டு. பத்து நொடிக்கு ஒரு சொட்டுதான். ஆனால் ஒரு நாளைக்கு 8,640 சொட்டு, ஏறக்குறைய 430 மில்லி. இரண்டு வாரம் போகாமல் இருந்தால் ஆறு லிட்டர்! படகு தண்ணீரில் நிற்கும்போது பழைய கயிற்றை உருவினால் நீர் உள்ளே பாயும் என்பதால் கரையேற்றிய பிறகே தொட்டேன். புதுக் கயிற்றைச் சுருளாகச் சுற்றாமல் தனித்தனி வளையங்களாக வெட்டி, ஒன்றின் மூட்டு அடுத்ததன் மூட்டுக்கு நேராக வராதபடி திருப்பி வைத்தேன். நட்டை மிகவும் இறுக்கக்கூடாது. ஷாப்ட் சுற்றும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், அந்த நீர்தான் கயிற்றைக் குளிர்விக்கிறது. ஓட்டிவிட்டு கிளாண்டைத் தொட்டேன், இளஞ்சூடுதான். நிறுத்தியதும் சொட்டும் நின்றது.

இரண்டாவது, பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் தகடுகள். தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் முன்பு யாரோ சிலிக்கான் பூசியிருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே இரண்டு ஞாயிறு போனது. சிலிக்கானின் மிச்சம் இருந்தால் அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பியூட்டைல் நாடாவை (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) சுற்றி, சில நாள் இடைவெளி விட்டு விட்டு இறுக்கினேன். தகடு அசைந்தாலும் இது கூடவே இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது. இதில்தான் எனக்கு மிகவும் திருப்தி.

மூன்றாவது, பாய்மரம். அது உள்ளீடற்ற அலுமினியக் குழாய், அடி பில்ஜ் வரை இறங்குகிறது. உச்சியில் கயிறுகள் நுழையும் துளைகள் வழியாக மழை உள்ளே இறங்கி அடியில் வந்து சேர்கிறது. துளைகளை அடைத்தால் கயிறு ஓடாது. இப்போதைக்கு மரத்தின் அடியைச் சுற்றிச் சின்ன வரப்பு கட்டி, அங்கிருந்து மெல்லிய குழாயில் ஒரு பழைய ஐந்து லிட்டர் கேனுக்கு நீரைத் திருப்பியிருக்கிறேன்.

போன ஞாயிறு, ஒரு வாரம் கொட்டிய மழைக்குப் பிறகு பலகையைத் தூக்கினேன். கேனில் பாதிக்குமேல் நீர். பில்ஜில் வைத்த செய்தித்தாள் காய்ந்திருந்தது, எடுத்துப் படிக்க முடிந்தது. கேன் நிறைவதற்குள் நான் வராவிட்டால் வழிந்து மறுபடி பில்ஜுக்குத்தான் போகும். அடுத்த வாரம் பத்து லிட்டர் கேன் கொண்டுபோகிறேன்.