வீட்ல எல்லாருக்கும் சுகர், ஊசி மட்டும் எனக்கு

எந்த புது டாக்டர்கிட்ட போனாலும் ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கும், குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை வியாதி இருக்கான்னு. நான் இல்லைன்னு டிக் அடிச்சிட்டு குடுத்துருவேன். எனக்கு இருக்குறது டைப் 1 சர்க்கரை வியாதி, அது பெரும்பாலும் அப்படித்தான், அப்பா அம்மாவுக்கு இல்லாமலே வரும், கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்லை நம்ம ஒடம்போட எதிர்ப்பு சக்தியே எதிரின்னு நெனச்சு அழிச்சிரும், இனிப்பு தின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா எங்க வீட்ட நெனச்சா அந்த கட்டத்துல "எல்லாருக்கும்"னு எழுதணும் போல இருக்கும்.

எனக்கு வந்தது 1986ல, ஒம்போது வயசு, ஊரு கோவில்பட்டி. குடம் குடமா தண்ணி குடிக்கேன், ராத்திரி பூரா பின்வாசலுக்கு ஓட்டம், பாவாட நாடாவ எவ்ளோ இறுக்கினாலும் இடுப்புல நிக்கல. மொதல்ல கண்டுபிடிச்சது எங்க ஆச்சிதான். நான் ஒண்ணுக்கு போன எடத்துல எறும்பு மொய்ச்சிருக்கு, அத பாத்துட்டு "புள்ளைக்கு நீர்ல இனிப்பு எறங்குதுடா, மதுரைக்கு கூட்டிட்டு போ"ன்னு அப்பாவ அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டா. அங்க போறதுக்குள்ள நான் பாதி மயக்கம், மூச்செல்லாம் புளிச்ச பழ வாடைன்னு அம்மா சொல்லுவாங்க, அது கீட்டோன், இன்சுலின் இல்லாம ஒடம்பு கொழுப்ப எரிக்கிறப்ப ரத்தத்துல சேர்றது.

அதுக்கப்புறம் எங்க வீடு ஒரு லேப் ஆயிருச்சு. அப்போ எங்க வீட்ல குளுக்கோமீட்டர் எல்லாம் ஏது? டெஸ்ட் ட்யூப்ல 5 மில்லி பெனடிக்ட் கரைசல ஊத்தி, அதுல 8 சொட்டு யூரின் விட்டு சூடு காட்டணும். நீலமாவே இருந்தா சுகர் இல்ல, பச்சைன்னா கொஞ்சம், மஞ்சள்னா கூட, ஆரஞ்சு தாண்டி செங்கல் கலர் வந்துட்டா அம்மா மூஞ்சியும் அதே கலர்ல மாறிரும். அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுனாரு, அங்க இருந்து மிச்சமான லேபிள் ஷீட்ட கொண்டாந்து அதுக்குப் பின்னாடி வெள்ளையா இருக்குற பக்கத்துல கோடு போட்டு காலைல நீலம், சாயங்காலம் மஞ்சள்னு எழுதி வைப்பாரு. ஒரு பக்கம் மயில், கிளி, சாமி படம், திருப்பினா என் யூரின் கணக்கு. அந்த கட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு.

ஊசி கண்ணாடி சிரிஞ்ச். தெனமும் எவர்சில்வர் சட்டில போட்டு கொதிக்க வைக்கணும், ஊசி மொனை மழுங்கிட்டா அப்பா அத சாணைக் கல்லுல மெல்ல தேய்ப்பாரு (இப்ப உள்ள நர்ஸ்கிட்ட சொன்னா மயங்கி விழுந்துருவாங்க). ஃப்ரிட்ஜ் கெடையாது, எங்க ஊரு வெயில் எப்படின்னு தெரியும், அதனால பெரிய பானைல ஈர மணல் ரொப்பி அதுக்குள்ள சின்ன பானை, அதுக்குள்ள இன்சுலின் பாட்டில், மணல் காயாம தண்ணி தெளிக்கிறது ஆச்சி டூட்டி. அந்தக் காலத்துல எங்களுக்குக் கெடச்ச இன்சுலின மாட்டுக் கணையம், பன்னிக் கணையத்துல இருந்துதான் எடுப்பாங்க, நாங்க சுத்த சைவம். ஆச்சி ஒருநாள் "இது எதுல செய்றான்"னு கேட்டதுக்கு அப்பா கண்ணு சிமிட்டாம "எல்லாம் கெமிக்கல்மா"ன்னுட்டாரு. ஆச்சி சாகுற வரைக்கும் அந்த கெமிக்கல பூஜை ரூமுக்குப் பக்கத்துல வச்சு காவல் காத்தா, பாவம்.

ஆனா ஆச்சிக்கு விழுந்த பேச்சு கொஞ்சநஞ்சம் இல்ல. சொந்தக்காரங்க வந்து உக்காந்து "ஆச்சி கடலை மிட்டாயா வாங்கிக் குடுத்து இப்படி ஆக்கிட்டா"ன்னு அவ காதுபடவே சொல்லுவாங்க. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு கெடச்சப்போ எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க, எனக்கு ஆச்சி மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அவ நம்பல. தெனமும் கருப்பட்டி காப்பி குடிச்சவ அன்னைக்கோட நிப்பாட்டிட்டா. வெறும் கடுங்காப்பி, மூஞ்சிய சுளிச்சிக்கிட்டே குடிப்பா, ஒனக்கு எதுக்கு ஆச்சின்னு கேட்டா "ஒன் வேலைய பாருட்டி"ன்னுவா. அப்புறம் அப்பாவும் விட்டாரு, அம்மாவும் விட்டாங்க. தீபாவளிக்கு எங்க வீட்ல முறுக்கு, சேவு, காராபூந்தி, அவ்ளோதான். யாரும் கூடி ஒக்காந்து முடிவு பண்ணல, யாரும் எங்கிட்ட சொல்லிக் காட்டவும் இல்ல.

என் தம்பிக்கு அப்போ ஆறு வயசு. நவம்பர் 14 குழந்தைகள் தினம்னு ஸ்கூல்ல ஆளுக்கு மிட்டாய் குடுப்பாங்க, அவன் அவனோடத தின்ன மாட்டான், எனக்கு சுகர் கொறைஞ்சு லோ ஆனா வேணும்னு டவுசர் பாக்கெட்டுலயே வச்சிருப்பான், அது உருகி ஒட்டி பாக்கெட்டோட பிச்சி எடுக்கணும். இதுல ஒரு வேடிக்கை, அதே நவம்பர் 14தான் 1921ல டொரண்டோல இன்சுலின் கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான பாண்டிங் பொறந்த நாளு, அதான் உலக நீரிழிவு தினமும் அன்னைக்கே வருது, ஆனா அத ஆரம்பிச்சதே 1991லதான், அதனால எங்களுக்கு அன்னைக்கு நேரு மாமா மட்டும்தான். 1922 ஜனவரில லெனார்ட் தாம்சன்னு ஒரு பையனுக்குத்தான் மொதல்ல ஊசி போட்டாங்க. அதுக்கு முந்தி இந்த நோய் வந்த புள்ளைங்கள பட்டினி போட்டு கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கிறதுதான் வைத்தியம். அந்தப் புள்ளைங்கள நெனச்சா இப்பவும் வயித்த பெசையும்.

இப்போ சென்னைல தனியா இருக்கேன். சுகரால கண்ணுல லேசர் ஆச்சு, வலது தோள்பட்டை இறுகிப் போயி கொண்ட போட முடியாம முடிய வெட்டிட்டேன், எனக்கு அது நல்லாத்தான் இருக்கு. உண்மையான தொல்லை வேற. ரொம்ப வருசம் ஆயிட்டா சுகர் கொறையும்போது வர்ற வேர்வை, நடுக்கம் எல்லாம் ஒடம்பு காட்டுறத நிறுத்திரும், 50க்கு எறங்குனாலும் ஜம்முனு கத பேசிட்டு இருப்பேன். அதுக்குத்தான் கைல 14 நாள் ஒட்டுற சென்சார், அது சுகர பாத்துட்டே இருந்து போன்ல ஒரு ஆப்புக்கு அனுப்பும். தம்பி குவைத்துல இருக்கான், அவன் போன்லயும் அந்த ஆப் இருக்கு. இங்க ராத்திரி மூணு மணிக்கு அலாரம் அடிச்சா அங்க பன்னெண்டரை, நான் தூக்கத்துல இருப்பேன், அவன் கூப்ட்டு கூப்ட்டு எழுப்புவான், "ஏ அக்கா எந்திரி, 58 காட்டுது, குளுக்கோஸ கரைச்சு குடி, கடலை மிட்டாய் எடுக்காத அது லேட்டாத்தான் ஏறும்"ன்னு. கடலைல இருக்குற எண்ணெய்ச் சத்துனால மெதுவாத்தான் ஏறும்னு அவன்தான் எனக்கே சொன்னான். குடிச்சு முடிச்சு ஏறுற வரைக்கும் லைன்லயே இருப்பான், பெரிசா ஒண்ணும் பேச மாட்டோம், அவன் ஆபீஸ் கத, இல்லன்னா யாராவது சொந்தக்காரங்கள திட்டுறது.

போன தடவ அவன் லீவுக்கு வந்தப்போ அவன் பொண்டாட்டி திருநெல்வேலில இருந்து அல்வா வாங்கிட்டு வந்திருந்தா, எனக்கும் ஒரு விள்ளல், அதுக்கு எத்தன யூனிட்டுன்னு கணக்கு போட்டு ஊசியும் போட்டுக்கிட்டு நான் நல்லா தின்னேன். அவன் தொடவே இல்ல. "மைனி, கல்யாணம் ஆனதுல இருந்து பாக்கேன், இந்த மனுசன் இனிப்பு பக்கமே வர மாட்டேங்காரு, சுகர் இருந்து எங்கிட்ட மறைக்காரோ?"ன்னு அவ எங்கிட்ட ரகசியமா கேக்கா, அவனுக்கு டெஸ்ட் எடுத்து பாத்துட்டா வேற.