மரவேலை சேரின் காந்தம்

எங்கள் கொழும்புப் பள்ளிக்கூடத்து மரவேலை ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்றே கூப்பிட்டவர், காலமான செய்தி பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, பலரும் அவருடைய பிரம்பைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் எழுதினார்கள். சேரின் சட்டைப் பையில் எப்போதும் கிடந்த காந்தத் துண்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பழைய வானொலி ஒன்றின் ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது அது.

மரவேலை அறையில் வள்ளம் கட்டிய காலத்து ஆட்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறோம். பொல்கொட வாவியில் விடுவதற்கென்று பிளைவுட்டில் உடல் அடித்து, விளிம்பு நெடுகத் தேக்குச் சட்டம் வைக்கும் நிலைக்கு வந்திருந்தோம். உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம், நடுவில் பிளைவுட். மூன்றையும் இறுக்க எந்த ஆணி, அதாவது எந்தத் திருகாணி, வாங்குவது என்பதற்கே சேர் ஒரு தவணையைச் செலவிட்டார். பாடத்திட்டத்தில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை.

"தம்பி, ஆணி வாங்க முதல் தண்ணியப் பார்க்கோணும்" என்பார். பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்வதால் உப்பு ஏறும் வாவி. பித்தளை என்பது செம்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்தது. உப்புத் தண்ணீரில் நாகம் மெல்ல மெல்லக் கரைந்துபோக, செம்பு மட்டும் கடற்பஞ்சு மாதிரி மிஞ்சும். முகத்துவாரத்தில் ஒரு பழைய படகிலிருந்து எடுத்த ஆணியை மேசையில் வைத்துக் காட்டினார். மஞ்சள் போய் இளஞ்சிவப்பாக இருந்தது. சேர் இரண்டு விரலால் வளைத்தார், முறிந்தது. வகுப்பே எழுந்து நின்று பார்த்தது.

ஆகவே நாகம் கலவாத வெண்கலந்தான் முதல் தெரிவு. ஆனால் அது அன்றைக்குக் கொழும்பில் எங்கள் கைக்கு எட்டவில்லை. வள்ளத்தைத் தண்ணீரிலேயே போட்டுவைக்காமல் கரையேற்றி நல்ல தண்ணீரில் கழுவுவோம், விளிம்பும் நீர்மட்டத்துக்கு மேலேதானே இருக்கும் என்று யோசித்துப் பித்தளைக்கு இறங்கி வந்தார். சாதாரண இரும்பை மட்டும் கிட்ட விடவேயில்லை. கறள் பிடிப்பது மட்டுமல்ல, துவர்ப்புள்ள மரத்தில் ஈர இரும்பு பட்டால் கறுப்பாக ஊறும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து மையாவது இதே காரணத்தால்தான். இதைச் சொல்லும்போது சேரின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் வேறெந்த ஆசிரியரிடமும் கண்டதில்லை.

ஒரு சனிக்கிழமை எங்களிருவரைப் பழைய சோனகத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கடையில் "அசல் பித்தளை, சேர்" என்று ஒரு பெட்டியைத் திறந்து நீட்டினார்கள். தங்கம் போல மினுங்கியது. காந்தத்தை வைத்தார், ஆணிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டன. இரும்பின் மேல் பித்தளை முலாம். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பெட்டிக்குள் திரும்பப் போட்டு, "வாறம் முதலாளி" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். அந்த மரியாதை எனக்கு இன்றுவரை பாடம்.

பித்தளை மெத்தென்றது. தேக்கில் நேரே முறுக்கினால் கழுத்தோடு முறியும். துறப்பணத்தால் துளையிட்டு, அதே அளவு இரும்பு ஆணியை முதலில் இறக்கிப் புரி வெட்டிக் கழற்றி, பிறகு பித்தளையில் தேன்மெழுகு தடவிக் கையால் இறக்கச் சொன்னார். சவர்க்காரம் வேண்டாம், ஈரத்தை இழுக்கும் என்றார். எல்லா ஆணிகளும் ஒரே இழையில் வரிசையாக நின்றால் சட்டம் பிளக்கும். ஒன்றைச் சற்று மேலே, அடுத்ததைச் சற்றுக் கீழே வைக்கவேண்டும். உள்ளிருந்து வெளியே இறக்கவேண்டும், வெளிச்சட்டத்தில் தலை தெரியக்கூடாது. கடைசியில் எல்லாத் தலைகளிலும் திருப்புளி பிடிக்கும் வெட்டு சட்டத்தின் நீளப்பாட்டில் நிற்கவேண்டும்.

வலப்பக்கம் முடிந்தது. பிறகு 1983 ஜூலை வந்தது. எங்கள் குடும்பம் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், அங்கிருந்து நான் கனடாவுக்கு வந்தேன். சேர் கொழும்பை விட்டுப் போகவில்லை.

ஒன்ராறியோவில் வள்ளம் இல்லாத ஏரி இல்லை. நானும் பழைய கனூ ஒன்றை வாங்கி விளிம்புச் சட்டம் மாற்றினேன். இங்கே நல்ல தண்ணீர், பித்தளையே போதும். ஆனாலும் சிலிக்கன் வெண்கலம் வாங்கினேன். ஏறத்தாழ 96 வீதம் செம்பு, மூன்று வீதம் சிலிக்கன். கரைந்துபோக அதில் நாகம் இல்லை. கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் காட்டினார். விளிம்புக்கு அதுவும் பழுதில்லை. ஆனால் அதைக் காக்கும் குரோமியம் ஒட்சைட்டுப் படலத்துக்கு ஒட்சிசன் வேண்டும். ஈர மரத்துக்குள் மூச்சடைத்துக் கிடந்தால் தலை பளபளக்க உடல் அரிக்கும். இதைச் சேரோடு பேசியிருக்கலாம். 1908இல் இங்கே ராபர்ட்சன் கண்டுபிடித்த சதுரக் குழி ஆணிகளில் ஒரு பிடியைத் தபாலில் அனுப்பியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! முகவரி என்னிடம் இருந்தது. அவர் இருக்கிறார்தானே என்ற நினைப்பிலேயே வருடங்கள் போய்விட்டன.

பீற்றர்பரோவில் கனேடிய கனூ அருங்காட்சியகம் 2024இல் புதுக் கட்டடத்தில் திறந்தபின் அங்கே போனேன். மற்றவர்கள் வள்ளங்களின் வடிவத்தைப் பார்த்தார்கள். நான் விளிம்பு விளிம்பாகக் குனிந்து ஆணி தேடினேன்.

எங்கள் வள்ளத்தின் இடப்பக்கச் சட்டத்தை யார் பூட்டினார்கள், அது பொல்கொடவில் இறங்கியதா என்பது எனக்குத் தெரியாது. 83க்குப் பிறகும் கொழும்பில் படித்தவர்களில் எவருக்காவது தெரிந்தால் இந்தப் பழைய மாணவர் மலரின் குழுவுக்கு எழுதுங்கள். படம் இருந்தால், தலைகளின் வெட்டு தெரியும்படியான படமாக அனுப்புங்கள்.