முட்டை நுழையாத வீட்டில் ஒரு வேட்டை லைசென்ஸ்

என் பர்ஸில் டெக்சாஸ் மாநிலம் கொடுத்த வேட்டை லைசென்ஸ் ஒன்று இருக்கிறது. அதோடு சில சீட்டுகளும் சேர்ந்தே வரும். மான் விழுந்தால் அதன் உடம்பில் கட்ட வேண்டியவை. மூன்று வருடமாக லைசென்ஸைப் புதுப்பிக்கிறேன், ஒரு சீட்டைக்கூடக் கிழித்ததில்லை. நான் வளர்ந்தது திருநெல்வேலியில், முட்டைகூட வாசல்படி தாண்டாத வீட்டில். சான் அன்டோனியோ வீட்டுப் புல்தரையில் நெருப்பெறும்பு புற்று வைத்தபோது, மருந்து போடலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தவன்.

எல்லாம் எதிர்வீட்டுப் பெரியவரால் வந்தது. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை, சுற்றிலும் ராணுவத் தளங்கள்தான். நாங்கள் குடிவந்த புதிதில் குப்பைத் தொட்டியைத் தவறான கிழமையில் வெளியே வைத்தேன் என்று சொல்ல வந்தவர், அப்புறம் அடிக்கடி வர ஆரம்பித்தார். எங்கள் வாரக்கடைசி எப்படி என்றால், சனிக்கிழமை துணி துவைப்பது, இந்தியக் கடை. ஞாயிறு ஹெலோட்டஸ் பக்கம் இருக்கிற கோயில். கோயிலில் பார்க்கும் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, இரண்டாவது கிரீன் கார்டு எந்த நிலையில் இருக்கிறது. சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை பெரியவர், "நாளைக் காலை என்ன செய்யப் போகிறாய்? என்னோடு தட்டு சுட வா" என்றார். இயந்திரம் வானில் வீசும் சிறு தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கிற விளையாட்டு. சரி, போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

கிளப்பின் முன்மேசையில் இருந்த அம்மாள் கையெழுத்துக்கு ஒரு படிவம் நீட்டிவிட்டு, நீங்கள் இந்த நாட்டுக் குடிமகனா என்று கேட்டார். இல்லை. கிரீன் கார்டு? இல்லை, எச்1பி. அவர் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது: என்னைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியை, ஏன், ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருப்பதே இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். இரவல் துப்பாக்கி என்றாலும் அதே கதைதான். அதற்குச் சில விலக்குகள் உண்டு. அதில் சுலபமானது, அமெரிக்காவில் முறையாக எடுத்த வேட்டை லைசென்ஸ். உயிர் எதையும் கொல்லாத ஒரு விளையாட்டை ஆட, உயிரைக் கொல்ல அனுமதி வாங்கி வா என்கிறார்கள்! நான் சிரித்தேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை, நிறையப் பேருக்குச் சொல்லியிருப்பார் போல.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைக் கல்வி என்று ஒரு பாடம் முடிக்க வேண்டும். இணையத்திலேயே படிக்கலாம். மானை எந்தக் கோணத்தில் நின்று எங்கே சுட்டால் வலியில்லாமல் சாகும், குடலை எப்படி எடுப்பது, பறக்கிற வாத்தை எப்படி இனம் காண்பது என்று நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். தேர்விலும் நல்ல மதிப்பெண். லைசென்ஸ் 25 டாலர்.

தங்கை மூலமாகச் செய்தி அம்மாவுக்குப் போய்விட்டது.

"ஏய்யா, நம்ம வீட்டுல முட்டையே உள்ள வராது. நீ வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கியாம்ல?"

"அது சும்மாம்மா. மண்தட்டைத்தான் சுடுவோம்."

"மண்தட்டைச் சுடுததுக்கு எதுக்கு வேட்டை லைசென்ஸு?"

பதில் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவளுக்கு அது புரியவுமில்லை, பிடிக்கவுமில்லை. எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேர்தல் அறிவித்தால் அவர்களும் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கி என்றால் அம்மாவுக்கு அந்த அளவில்தான் பழக்கம்.

இந்த ஆட்டத்தின் பெயர் ஸ்போர்ட்டிங் கிளேஸ். ஒலிம்பிக்கில் இருக்கும் டிராப், ஸ்கீட் இரண்டுக்கும் பங்காளி. டிராப் ஆட்டத்தில் நம் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024இல் பாரிஸ் வரை போனார். அந்த இரண்டிலும் தட்டு எங்கிருந்து எப்படி வரும் என்பது உலகம் முழுக்க ஒன்றுதான். இதில் அப்படி இல்லை. பத்துப் பதினைந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி. மரத்துக்குப் பின்னால் இருந்து ஒன்று, பள்ளத்தில் இருந்து ஒன்று, தலைக்கு மேலே பின்னாலிருந்து ஒன்று. எல்லாம் ஜோடி ஜோடியாக. சில இடத்தில் இரண்டும் ஒரே நேரத்தில், சில இடத்தில் முதல் வெடிச் சத்தம் கேட்டதும் இரண்டாவது. மொத்தம் நூறு தட்டு. ஐந்தாறு பேர் ஒரு குழுவாக ஓக் மரங்களுக்கும் மெஸ்கீட் புதர்களுக்கும் நடுவே நடந்து போய்ச் சுட வேண்டும். மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம் சீமைக் கருவேலத்தின் ஒன்றுவிட்ட சொந்தம். அதை முதலில் பார்த்தபோது, ராதாபுரம் பக்கம் வந்துவிட்டேனோ என்று இருந்தது.

தட்டு மண்தட்டே இல்லை. சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் சேர்த்து அச்சில் வார்த்தது. வழக்கமான தட்டு 108 மில்லிமீட்டர் அகலம். கையில் எடுத்தால் அகல் விளக்குக்கு மூடி செய்தது போல இருக்கும். 12 கேஜ் துப்பாக்கிக்கு அந்தப் பெயர் வந்த கதையும் எனக்குப் பிடிக்கும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை நுழையும் அளவுக் குழல் அது. சுடுவதோ ஒற்றைக் குண்டு இல்லை. நம் ஊர்ப் பத்திரிகைகள் பால்ரஸ் என்று எழுதுமே, அந்த மாதிரிப் பொடிக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் விரிந்து போகும்.

அவ்வளவு குண்டு போகிறதே, தட்டில் படாமலா போகும் என்றுதான் நானும் நினைத்தேன். முதல் நாள் நூற்றுக்கு 31.

தப்பு எங்கே என்றால், தட்டைப் பார்த்துத் தட்டிலேயே சுட்டேன். நாற்பது கஜம் தள்ளிக் குறுக்கே மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் பறக்கிற தட்டு, குண்டு போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டு அடி நகர்ந்துவிடும். அதனால் ஒன்றுமில்லாத வெற்று வானத்தைச் சுட வேண்டும். எவ்வளவு முன்னால் என்று அளந்து பார்க்கக் குழலை ஒரு பார்வை பார்த்தால் போச்சு, கை நின்றுவிடும், குண்டு பின்னால் போய்விடும். சிறு வயதில் நெல்லைத் தெருக்களில் ஓடுகிற பஸ்ஸில் ஏறியவர்களுக்கு இது விளங்கும். பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ஓடுவோம், காலைப் பார்த்துக்கொண்டா ஓடுவோம்?

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு சிறுமி. பதின்மூன்று வயதுக்கு மேல் இருக்காது. இங்கே ஃபோர்-ஹெச் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கான மன்றம் உண்டு. ஆடு, கன்று வளர்ப்பதோடு துப்பாக்கியும் சொல்லிக்கொடுப்பார்கள். அவள் எண்பத்துச் சொச்சம் அடித்துவிட்டு வந்து, "சார், நீங்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறீர்கள்?" என்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சிறு ஓட்டை வைத்துத் தூரத்து மரத்தைப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு கண்ணாக மூடினேன். நாற்பத்தோரு வயதில் தெரிந்துகொண்டேன், நான் வலதுகைக்காரன், ஆனால் இடதுகண்காரன். கண்ணாடியின் இடப்பக்கம் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் 47.

அப்புறம் இந்த மனிதர்கள். ஒரே குழுவில் பல் டாக்டர், குழாய் ரிப்பேர்க்காரர், மாட்டுப் பண்ணைக்காரர், எழுபத்தெட்டு வயதுப் பாட்டி. ஒருவர் கையில் ஜெர்மனியின் கிரீகாஃப் துப்பாக்கி. என் காரை விற்றாலும் வாங்க முடியாது. அடுத்தவர் கையில் அவர் தாத்தாவின் பழைய துப்பாக்கி, மரக்கட்டையில் டேப் சுற்றியது. பார்ப்பவருக்கெல்லாம் தெரியும்படி குழலை மடக்கித் திறந்து வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும், சுடும் கூண்டுக்குள் நின்றால்தான் தோட்டா போட வேண்டும். இதில் மட்டும் யாருக்கும் தயவு கிடையாது. ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் குழலோடு அரை அடி திரும்பிவிட்டேன், அந்தப் பாட்டி போட்ட சத்தத்தில் கிளம்பிய பறவைகள் நிஜமானவை. மற்றபடி, எந்தக் கம்பெனி என்று மூன்று வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. தட்டை விட்டால் "பின்னால் போச்சு" என்பார்கள், உடைந்தால் "டெட்" என்பார்கள். அவ்வளவுதான் விசாரணை.

அந்த "டெட்" முதலில் எனக்கு உறுத்தியது. தட்டைத் தட்டு என்றே யாரும் சொல்வதில்லை, பறவை என்றுதான் பேச்சு. செங்குத்தாக எழும்பும் தட்டுக்கு டீல் என்று ஒரு வாத்தின் பெயர். தரையில் உருண்டு துள்ளிப் போகும் தட்டுக்கு முயல் என்று பெயர். காரணம் உண்டு. இந்த ஆட்டங்கள் உயிருள்ள புறாக்களைப் பெட்டிக்குள் அடைத்துத் திறந்துவிட்டுச் சுட்டதில் தொடங்கியவை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூடப் புறாவைச் சுட்டிருக்கிறார்கள். அப்போது பெட்டியின் கயிற்றை இழுக்கச் சொல்லிக் கத்திய "புல்" என்ற சொல்தான் இன்றைக்கும் இயந்திரத்தை இயக்கச் சொல்லும் கட்டளை. நடுவில் கண்ணாடி உருண்டைகளை எறிந்து பார்த்தார்கள். சிலவற்றின் உள்ளே இறகு அடைத்து வைப்பார்களாம், உடைந்தால் பறவை மாதிரியே சிதற வேண்டும் என்று. 1880இல் சின்சினாட்டிக்காரர் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண்ணில் தட்டு செய்து புறாக்களைக் காப்பாற்றினார். என் போன்ற ஆளுக்கு அவர் வள்ளலார் மாதிரி.

தட்டு சைவமாகிவிட்டது, சாப்பாடு ஆகவில்லை. ஆட்டம் முடிந்ததும் பார்பிக்யூ. பீன்ஸ் இருக்கிறதே என்று எடுத்தால் அதற்குள் பன்றி இறைச்சித் துண்டு. நவம்பரில் பெரியவர் தான் சுட்ட மானில் செய்த சாஸேஜைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். எப்படி மறுப்பது என்று தெரியாமல் வாங்கி, இரண்டு நாள் ஃபிரிட்ஜுக்குள் வைக்கவும் முடியாமல் கராஜில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்து, கடைசியில் போய் உண்மையைச் சொன்னேன். "வேட்டை லைசென்ஸ் வைத்திருக்கிற நீ, கறி சாப்பிட மாட்டாயா?" என்று அவர் அன்று முழுக்கச் சிரித்தார். மறுநாள் தன் வீட்டு மரத்துப் பீக்கன் கொட்டை ஒரு பை நிறைய வந்தது. என் மனைவி அதில் துவையல் அரைத்துக் கொடுத்தனுப்பினாள்.

ஒன்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. யுவால்டி எங்கள் ஊரிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். 2022 மே 24 அன்று அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுடப்பட்டு இறந்தார்கள். நாங்கள் சுடும் துப்பாக்கி வேறு வகை என்று சொல்லிவிடலாம். உண்மைதான், ஆனால் என் மனைவிக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. வீட்டில் துப்பாக்கி கூடாது என்றாள். கிளப்பில் வாடகைக்கு எடுக்கிறேன். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் இதில் முன்னேற முடியாது என்கிறார்கள். முன்னேறாமலே இருக்கிறேன்.

போட்டிகளில் கடைசிப் படியான இ (E) முதல் மாஸ்டர் வரை ஏழு படிகள் உண்டு. நான் இ. இந்த ஆட்டத்தின் தேசியச் சங்கம் 1989இல் தொடங்கியது, அதன் தலைமையகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அக்டோபரில் தேசியப் போட்டி நடக்கும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கோல்ஃப் வண்டிகளில் வந்து இறங்குவார்கள், திருவிழாக் கூட்டம்தான். மாஸ்டர்கள் சுடுவதைப் பார்த்தால் அவசரமே தெரியாது. துப்பாக்கி ஒரு சாண்தான் நகரும், தட்டு தானாகப் பொடியாவது போல இருக்கும்.

போன பங்குனியில் அம்மா வந்தாள். நான் போகிற இடத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று, குடையும் முறுக்கு டப்பாவுமாகக் கூட வந்துவிட்டாள். விசிட்டர் விசா, தோட்டாப் பெட்டியைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லி கோல்ஃப் வண்டியில் உட்கார வைத்தேன். காதடைப்பான் மாட்டிக்கொண்டு நாலு ஆட்டம் பார்த்துவிட்டு, "எதுக்குடா எல்லாரும் புல்லு புல்லுங்கான்? மாடா மேய்க்காங்க?" என்றாள். விளக்கினேன். பெரியவர் தட்டு விடும் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். ரிமோட்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை. நான் துப்பாக்கியைத் தூக்கினதுமே அமுக்கிவிடுவாள். இரண்டு இடம் கழித்துப் பிடிபட்டது. அதற்கப்புறம் பல் டாக்டரையே பாராட்டும் அளவுக்குப் போய்விட்டாள்.

ஏழாவது இடத்தில், பெரியவர் அவளிடம் நல்ல நிதானமான ஆங்கிலத்தில், இப்போது வரப்போவது முயல் என்றார். நான் கூண்டில் நின்று "புல்" என்றேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி கத்தினேன். திரும்பிப் பார்த்தால் ரிமோட்டைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"முயலுன்னு சொல்லுதாரு. நான் அமுக்க மாட்டேன்."

ஐந்து பேர் வெயிலில் காத்திருந்தார்கள். பெரியவர் நடந்து போய் பெட்டியிலிருந்து முயல் தட்டு ஒன்றை எடுத்து வந்து அவள் கையில் வைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுண்டிப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள்.

"புல்."

தட்டு உருண்டு, ஒரு கல்லில் பட்டுத் துள்ளி, புதருக்குள் போய் மறைந்தது. நான் சுட்டது அதற்கு இரண்டடி பின்னால் மண்ணைக் கிளப்பியது.

"நல்லவேளை" என்றாள் அம்மா.