ஐஸ் ஹவுஸ்: காற்றுக்குக் கதவடைத்த வீடு

திருவல்லிக்கேணிப் பையன்கள் யாரும் சென்னைக் கடற்கரையோரத்து அந்தப் பழைய ஐஸ் கிடங்கை விவேகானந்தர் இல்லம் என்று சொன்னதில்லை. 1963இல், சுவாமிகளின் நூற்றாண்டில் வைத்த பெயர் அது. பள்ளி விட்டதும் "ஐஸ் ஹவுஸ் வரைக்கும் போயிட்டு வரலாமாடா?" என்பதுதான் பேச்சு. பெசன்ட் சாலைக்கு முன்னாள் பெயர் ஐஸ் ஹவுஸ் ரோடு. காவல் நிலையத்துக்கு இன்றும் அந்தப் பெயரே.

இந்த மலரைப் பாஸ்டன் பக்கம் உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த ஐஸ் உங்கள் ஊரிலிருந்துதான் வந்தது. ஃப்ரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகர், குளிரில் உறைந்த ஏரிகளையும் குட்டைகளையும் அறுத்துக் கப்பலேற்றினார். முதலில் மேலே படிந்த பனியைச் சுரண்டித் தள்ளுவார்கள். பிறகு குதிரை இழுக்கும் ஒருவகைக் கலப்பையால் கட்டம் கட்டமாகக் கீறி, ரம்பத்தாலும் கடப்பாரையாலும் பெயர்த்தெடுப்பார்கள். கட்டிகள் ஒரே அளவாக இருந்தால் இடுக்கில்லாமல் அடுக்கலாம். இடுக்கில்லாவிட்டால் காற்று புகாது, உருகுவதும் குறையும். வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான்.

சுற்றிலும் மரத்தூள் திணிப்பார்கள். தூளுக்குள் சிக்கிய காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. உருகிய நீரில் தூள் நனைந்தால் அந்தக் காற்று போய்விடும், பிறகு தூள் இருந்தும் பயனில்லை. ஆகவே தண்ணீர் தேங்காமல் வடிந்தாக வேண்டும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிய நான்கு மாதப் பயணம், வழியில் நிலநடுக்கோட்டை இருமுறை தாண்ட வேண்டும். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் கப்பல் 180 டன்னோடு கிளம்பியது, சுமார் 100 டன்னோடு சேர்ந்தது. பாதிக்கு மேல் மிஞ்சியதே அன்றைக்கு அதிசயம்.

சென்னையில் கூடுதலாக ஒரு தொல்லை: துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். சரக்கெல்லாம் மசூலா படகில்தான் கரையேறும். ஆணியில்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதினால் நெளியுமே தவிர உடையாது. கரையேறிய ஐஸை வெயிலில் நெடுந்தூரம் சுமக்க முடியாதே. அதனால்தான் 1842இல் கிடங்கைக் கடலோரத்திலேயே கட்டினார்கள். அப்போது கடல் இன்னும் பக்கத்தில் இருந்தது. 1876இல் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து இன்றைய அகன்ற மெரினா உண்டானது.

வட்டக் கட்டடம், கனத்த சுவர். சதுரத்தைவிட வட்டத்துக்கு, அதே இடத்துக்கு, வெயில் படும் சுவர் குறைவு. ஐஸுக்கு அருமையான வீடு. 1874இல் நீராவியால் ஐஸ் செய்யும் கம்பெனி சென்னையிலேயே வந்ததும் டியூடர் சரக்குக்கு மவுசு போயிற்று.

வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. காற்றை வெளியே நிறுத்தக் கட்டிய வீட்டில் மனிதர் குடியிருப்பது எப்படி? வளைந்த தாழ்வாரங்களைச் சேர்த்து, ஜன்னல் ஜன்னலாகத் திறந்து, 'கெர்னன் கோட்டை' என்று பெயரிட்டார். நாம் பார்த்து வளர்ந்த முகப்பு அவர் வேலை. பாஸ்டன்காரர்களுக்கு அதில் பங்கில்லை.

1897 பிப்ரவரி 6 அன்று விவேகானந்தர் அங்கே வந்து 9 நாள் தங்கினார். எழும்பூரிலிருந்து வரும் வழியில் குதிரைகளை அவிழ்த்துவிட்டு மாணவர்களே வண்டியை இழுத்தார்களாம். அடுத்த மாதம் வந்த அவருடைய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் சுமார் 10 ஆண்டு அங்கேயே மடம் நடத்தினார். 1917இல் அரசு வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமியின் இளம் விதவைகள் இல்லம் அங்கே நடந்தது. எதிரே வந்தால் அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட சிறுமிகள் அந்தத் தாழ்வாரங்களில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். சுவாமிகள் தங்கியதைச் சொல்லும் அளவுக்கு இதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இதுதான் அந்த வீட்டின் பெரிய பெருமை. 1997 முதல் ராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் இருக்கிறது.

ஊருக்கு வந்தால் திருவல்லிக்கேணி பெரிய தெருவிலிருந்து நடந்தே போங்கள். நம் வாயில் பைகிராஃப்ட்ஸ் ரோடாகவே இருந்த பாரதி சாலையில் கிழக்கே போனால் கடற்கரைச் சாலை. அங்கே வலப்பக்கம் திரும்பினால் வளைந்த முகப்பு கண்ணில் படும். நாலு மணிக்கு மேல் போனால், ஐயங்கார் திறந்துவிட்ட ஜன்னல்களில் கடற்காற்று வந்துகொண்டிருக்கும்.