லிம்ப் செய்பவர்களோடு ஆடும்போது: ஃப்ளாப்புக்கு முன் எதை மாற்றலாம்

போக்கர் படிக்க ஆரம்பிக்கும் யாருக்கும் முதலில் கையில் கிடைப்பது ஓர் அட்டவணைதான். எந்த இருக்கையில் எந்தச் சீட்டுக்கு ரெய்ஸ் (பந்தயத் தொகையை ஏற்றுவது) செய்யலாம் என்று கட்டம் போட்டு வண்ணம் அடித்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் சீட்டைக் கீழே போட்டுவிட்டார்கள் என்ற கணக்கில் போட்டது அது. சின்னத் தொகை மேசையில் நடப்பதே வேறு. இரண்டு பேர், சில நேரம் நான்கு பேர், பிக் பிளைண்டை (ஆட்டம் தொடங்கும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் ஸ்மால், பிக் பிளைண்ட் தொகைகளில் பெரியது) மட்டும் கட்டிவிட்டுச் சும்மா உள்ளே வந்துவிடுவார்கள். லிம்ப் என்பது இதுதான்.

இவர்களைப் பார்த்ததும் ரெய்ஸ் செய்து விரட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிளைண்ட் 1, 2. இரண்டு பேர் லிம்ப், நீங்கள் பட்டனில், அதாவது ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இருக்கையில். பாட், அதாவது நடுவில் சேர்ந்த தொகை, 7. நீங்கள் 12 வைத்தால், அந்த 7-ஐ அங்கேயே அள்ளுவதற்காக மட்டும் என்றால், 63 சதவீதம் நேரம் எல்லாரும் விலக வேண்டும். மிச்சம் நான்கு பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு 89 சதவீதம் விலகினால்தான் அது நடக்கும். லிம்ப் செய்கிறவர் ஃப்ளாப் (மேசையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்க்க ஆசைப்பட்டு வந்தவர், அவ்வளவு லேசில் போகமாட்டார்.

அதனால் நான் மேசையில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: ரெய்ஸ் செய்தால் இந்த ஆள் என்ன செய்வார்?

பெரும்பாலும் கால் செய்வார், அதாவது அதே தொகையைக் கட்டி உள்ளே இருப்பார். அதை வைத்துத்தான் கையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஸ்-ஜாக், கிங்-குயின், 10-10 போன்றவற்றின் மதிப்பு இங்கே ஏறுகிறது. ஏஸ்-ஜாக்கோடு 12 வைக்கிறீர்கள். ஒருவர் ஏஸ்-6-ஓடு கால் செய்கிறார், மற்றவர்கள் போய்விட்டார்கள். பாட் 29. ஃப்ளாப் ஏஸ்-8-4. நீங்கள் 15 வைத்தால் கால், டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) 40 வைத்தாலும் கால். ஏஸ் கிடைத்தபின் அந்த ஆள் எழுந்து போகவே மாட்டார். லாபம் இங்கிருந்துதான் வருகிறது. ஃப்ளாப்புக்கு முன் அள்ளும் 7-இலிருந்து இல்லை. ஒரே சூட்டில் (சின்னத்தில்) 8-7 மாதிரிக் கைகளுக்கு நிலைமை தலைகீழ். எதிராளி விலகாத இடத்தில் அவற்றின் பாதி பலம் போய்விடும். பட்டனில் இருந்தால் நானும் 2 கட்டிப் பின்னால் போவேன், முன் இருக்கையில் இருந்தால் சீட்டைப் போட்டுவிடுவேன். சின்ன ஜோடிகளும் இப்படித்தான்: ஃப்ளாப்பில் செட் (கையில் உள்ள ஜோடியோடு அதே எண் மூன்றாவதாகச் சேர்வது) விழுவது சுமார் 12 சதவீதம், அதற்கு மலிவாக உள்ளே போவதே மேல்.

எவ்வளவு வைப்பது? பிக் பிளைண்டைப் போல் மூன்று மடங்கு, லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு. ஃப்ளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டிய இடம் என்றால் மேலும் ஒன்று. நேரடி மேசையில் இதுவும் பத்தாது. 10 என்றாலும் 14 என்றாலும் ஒரே மாதிரி கால் செய்பவர்களிடம் நல்ல கையோடு 14-தான் வைக்க வேண்டும். கூட்டத்தைக் குறைக்கவும் அது உதவும். ஏஸ் ஜோடிகூட ஏதோ ஒரு கையோடு வரும் ஒருவருக்கு எதிரே 85 சதவீதம் ஜெயிக்கும். அப்படி நான்கு பேர் வந்தால் 56-க்கு இறங்கிவிடும்.

பிக் பிளைண்டில் இருக்கும்போது சுமாரான கையோடு வீரம் காட்ட வேண்டாம். இலவசமாக ஃப்ளாப் கிடைக்கிறது, செக் செய்யுங்கள், அதாவது தொகையை ஏற்றாமல் விடுங்கள்.

படிப்பதற்கு என் வழி: லிம்ப் செய்தவர் கடைசியில் சீட்டைக் காட்டும்போதெல்லாம் அது என்ன என்று குறித்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அந்தக் கைகளை ஈக்விலேப் மென்பொருளில் போட்டு, என் கைக்கு எதிரே எப்படி நிற்கின்றன என்று பார்ப்பேன். சால்வர் (பிழையில்லாத ஆட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்) விடையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது; எதிராளியும் பிழையில்லாமல் ஆடுகிறார் என்று வைத்துக்கொண்டு அது விடை சொல்கிறது. (இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் சட்டமே தடை போட்டுவிட்டது. பயிற்சிக்குக் காசில்லாத சிப் மேசைகளே போதும், லிம்ப்புக்கு அங்கே பஞ்சமில்லை.)

இரண்டு இடங்களில் மட்டும் உஷார். எல்லாரும் போய் ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும் மட்டும் மிஞ்சும்போது, லிம்ப் செய்வது சால்வரே சிபாரிசு செய்யும் ஆட்டம். அவரைக் கற்றுக்குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அப்புறம், மணிக்கணக்கில் சீட்டைப் போட்டுக்கொண்டே இருந்த ஒருவர் முன் இருக்கையில் லிம்ப் செய்து, நீங்கள் ரெய்ஸ் செய்ததும் மறுபடி ஏற்றினால், அவர் கையில் பெரும்பாலும் ஏஸ் ஜோடி அல்லது கிங் ஜோடிதான். ஏஸ்-ஜாக்கைப் போட்டுவிட்டு அடுத்த கைக்குப் போய்விடுங்கள்.